ஒரு தாய்ப்பலகை வாங்கிய கதை

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, மின்சாரம் மூன்று முறை போய்வந்த பிறகு என் கணினி எழவில்லை. விசிறி சுற்றியது, பச்சை விளக்கும் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் துடைத்து மறுபடி பொருத்தினேன். பொத்தான் மின்கலத்தை மாற்றினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் அது மதர்போர்டு என்பது இந்த இருபது வருட அனுபவத்தில் தெரிந்துகொண்டது.

எனக்குக் கணினி பிழைப்புக்கான கருவி. பதிப்பகங்கள் அனுப்பும் கோப்புகளுக்கு மெய்ப்புப் பார்த்துப் பக்கக் கணக்கில் காசு வாங்குகிறவன் நான். கைபேசியில் மெய்ப்புப் பார்க்க முயன்று இரண்டு நாளில் கண் வலித்ததுதான் மிச்சம். மகள் "மடிக்கணினி வாங்கிக்கங்கத்தா" என்றாள். என்னிடம் ஒதுக்கி வைத்த தொகை பத்தாயிரம் ரூபாய். அதற்குள் முடிய வேண்டும் என்றால் பெட்டி, திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும்.

இது வெளியில் எல்லோருக்கும் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அது அலமாரியின் மேல்தட்டில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், பழைய கைலித் துணியில் சுற்றிக் கிடந்தது.

எங்கள் ஊர் வீரசோழன். காவிரிப் படுகைக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் அவர்கள் ஓர் ஆற்றை நினைப்பார்கள், அங்கே வீரசோழன் என்பது ஆறு. இங்கே அது நரிக்குடிக்கு அப்பால் கண்மாய்களையும் சீமைக் கருவேலத்தையும் பனைகளையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். மழை வந்தால் நெல், மிளகாய், பருத்தி, வராவிட்டால் ஆடு. வாரச்சந்தையின் உயிரே ஆடுதான். என் அத்தா அந்தச் சந்தையில் நாற்பது வருடம் ஆட்டுத் தரகராக இருந்தார். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்வார். முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டி எடை சொல்வார். வெம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு, ராமநாதபுரம் வெள்ளை என்று தூரத்தில் வரும்போதே இனம் பிரிப்பார். விலை மட்டும் வாயால் சொல்ல மாட்டார். துண்டை இருவர் கைக்கும் மேல் போட்டுக்கொண்டு விரலைப் பிடிப்பார். எத்தனை விரல், அது நூறா ஆயிரமா என்பது பிடிக்கிறவனுக்கும் பிடிபடுகிறவனுக்கும் மட்டும் தெரியும்.

2003 முதல் 2006 வரை, சந்தை இல்லாத நாட்களில், அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். தரகர்களின் குழூஉக்குறி, விரல் கணக்கு, ஆட்டின் நிறத்துக்கும் கொம்புக்கும் உள்ள பெயர்கள், நோய்கள், அவற்றுக்கான பச்சிலைகள். அகராதி என்று சொன்னால் அதிகம், சொற்பட்டியல் என்று சொல்லலாம். அப்போது யூனிகோடு எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் முன்வைக்கப்பட்ட டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களில் நான் டாப் எழுத்துருவில் அடித்தேன். நாற்பது ஜி.பி. வன்தட்டு ஒன்றில் அதெல்லாம் இருந்தது.

2012இல் அந்தக் கணினி ஓய்ந்தது. புதிய பலகை வாங்க மதுரைக்குப் போனேன். என் வன்தட்டு நாற்பது ஊசிகள் கொண்ட, அகலமான நாடாக் கம்பியில் இணையும் ஐ.டி.இ. வகை. இன்டெல் நிறுவனம் 2006இல் வந்த தன் துணைச் சில்லிலிருந்தே அந்த இணைப்பை நீக்கிவிட்டிருந்தது. பலகை செய்கிற நிறுவனங்களில் சில, பழைய வாடிக்கையாளர்களுக்காகத் தனியாக ஒரு சில்லு வைத்து அந்த இணைப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தன. கடையில் இரண்டு வகையும் இருந்தன. ஊசி இணைப்பு உள்ளதற்கு நானூறு ரூபாய் அதிகம். நான் இல்லாததை வாங்கினேன். எச்61 பலகை, ஐ3 செயலி, புதிய சாட்டா வன்தட்டு. பழையதைப் பிறகு எங்காவது கொடுத்து நகலெடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்து பொருத்தி முடித்ததும் அத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பழைய பொட்டியில இருந்ததெல்லாம் இதுக்கு வந்துருச்சா?" என்று கேட்டார்.

"வந்துருச்சு அத்தா" என்றேன்.

2014இல் அவர் மௌத்தானார். வன்தட்டு டப்பாவிலேயே இருந்தது.

ஆகவே இந்தமுறை பலகை தேடத் தொடங்கியபோது என் மனத்தில் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: நாற்பது ஊசி இணைப்பு இருக்க வேண்டும். பதிமூன்று வருடத் தவறை ஒரு பலகையால் நேர்செய்துவிடலாம் என்ற எண்ணம். பழைய ஜி41 பலகைகள் இன்னும் எங்காவது கிடைக்குமா என்று இரவெல்லாம் தேடினேன். ஒன்று கிடைத்தது. விலையும் மலிவு. அனுப்பச் சொல்வதற்கு முன் ஒருவரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அருப்புக்கோட்டையில் கணினி பழுதுபார்க்கும் பையன் எங்கள் ஊர்க்காரன், மருமகன் முறை. திருச்சுழி வழியாகப் பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். திறந்து பார்த்தவன், செயலிக்கு அருகில் தலை உப்பியிருந்த இரண்டு மின்தேக்கிகளைக் காட்டினான். 2000களின் தொடக்கத்தில் உள்ளே இருந்த மின்பகு நீர்மத்தின் கோளாறால் உலகம் முழுவதும் ஏராளமான பலகைகள் இப்படி உப்பிச் செத்தன. அந்தக் கொள்ளைநோய் ஓய்ந்து வெகுகாலம் ஆயிற்று. என்னுடையது வெப்பத்திலும் ஏறி இறங்கும் மின்னழுத்தத்திலும் முதுமையிலும் வந்த சாவு. நான் என் நிபந்தனையைச் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. "மாமா, நீங்க ஒரு ஹார்டிஸ்குக்காக மதர்போர்டு வாங்கப் பாக்குறீங்க. அது ஒரு நாள் வேலை. மத்த நாளெல்லாம் நீங்க இதுல என்ன செய்யப் போறீங்க? அதச் சொல்லுங்க முதல்ல" என்றான். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு கம்பியை எடுத்து வைத்தான். ஒரு முனையில் யூ.எஸ்.பி., மறுமுனையில் நாற்பது ஊசிக்கான வாய், தனியாக மின்சாரம் கொடுக்க ஓர் அடாப்டர். விலை 650 ரூபாய். பதிமூன்று வருடமாக எந்தக் கணினியிலும் என் வன்தட்டைப் படித்திருக்கலாம். அந்த நானூறு ரூபாய் காரணமே அல்ல என்று அப்போதுதான் முழுவதும் புரிந்தது.

பிறகு பலகைப் பேச்சுக்கு வந்தோம். இதே குழப்பத்தில் இருக்கும் நண்பர்கள் சிலருக்காவது பயன்படும் என்பதால் அவன் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பலகை வாங்குவது என்றால் உண்மையில் மூன்று பொருள்களை வாங்குவது: பலகை, அதில் உட்காரும் செயலி, நினைவகம். மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும். செயலி உட்காரும் குழியை இன்டெல் அடிக்கடி மாற்றிவிட்டது. 2011இல் 1155 ஊசி, 2013இல் 1150, 2015இல் 1151, 2020இல் 1200, 2021இல் 1700. இதில் ஒரு கண்ணி உண்டு. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகளுக்கும் அதே 1151 ஊசிதான். ஆனால் முந்தைய எச்110 பலகையில் அவை வேலை செய்யா. எச்310 போன்ற அடுத்த வரிசைப் பலகை வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம்.4 என்ற ஒரே குழியை 2016 முதல் பல வருடம் வைத்திருந்தது. அந்த வழியில் போனவர்கள் பலகையை வைத்துக்கொண்டு செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது. அங்கும் எல்லாப் பலகையும் எல்லாச் செயலியையும் ஏற்பதில்லை. பலகை செய்த நிறுவனத்தின் ஏற்புப் பட்டியலைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, 2,400 ரூபாய்க்குப் புதிய எச்61 பலகை ஒன்றை வாங்கி, என் பழைய செயலியையும் டி.டி.ஆர்.3 நினைவகத்தையும் அதிலேயே பொருத்துவது. இன்றும் பெயரறியாத நிறுவனங்கள் அந்தப் பழைய வகையைப் புதிதாகச் செய்து விற்கின்றன. எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். லினக்ஸ் போட்டுக்கொண்டால் பழைய செயலியே போதும். எனக்கு வரும் கோப்புகளைத் திறக்கும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடுகிறது. இல்லாவிட்டால் அந்த வழியிலேயே போயிருப்பேன்.

இரண்டாவது, முற்றிலும் புதியது. எச்610 பலகை 6,200 ரூபாய், பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 செயலி, நினைவகம். செயலியின் பெயருக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் மலிவு, ஆனால் அதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இராது. தனி அட்டை வாங்க வேண்டும். அதே எச்610 பெயரில் டி.டி.ஆர்.4 ஏற்கும் பலகையும் உண்டு, டி.டி.ஆர்.5 ஏற்கும் பலகையும் உண்டு. ஒன்றின் பட்டை மற்றொன்றில் நுழையாது. போதாததற்கு 2025இன் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெருங்கூடங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், வீரசோழனில் ஒரு மெய்ப்புத் திருத்துபவன் எட்டு ஜி.பி. வாங்க யோசிக்க வேண்டியிருக்கிறது. மொத்தம் இருபதாயிரத்தைத் தாண்டும் என்றான்.

மூன்றாவது, பயன்படுத்திய பொருள். எச்310 பலகை, அதிலேயே பொருத்திய ஐ3 8100 செயலி, எட்டு ஜி.பி. டி.டி.ஆர்.4 நினைவகம், மூன்றும் சேர்த்து 7,800. செயலி எட்டாம் தலைமுறை, டி.பி.எம். வசதி தொகுப்போடேயே வருகிறது, பயாஸில் ஒருமுறை இயக்கிவிட வேண்டும். என் பழைய திரைக்கான வி.ஜி.ஏ. வாயும் இருந்தது. பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினியிலிருந்து கழற்றிய பலகையா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும் என்றான். அவற்றில் பலவற்றின் மின்னிணைப்பும் திருகுத் துளைகளும் தனி அளவு. நம் பெட்டியில் உட்காரா. இது பொது அளவுப் பலகை.

தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்குவதைப் பார்க்காமல் விடக் கூடாது. அவன் செயலியைக் கழற்றி விளக்குக்கு நேரே குழியைக் காட்டினான். இன்டெல் பலகையில் ஊசிகள் பலகையின் பக்கம் இருக்கின்றன. ஆயிரத்துச் சொச்சம் ஊசிகளும் ஒரே சாய்வில், காற்றில்லாத வேளையின் நெல் நாற்றுப்போல நிற்க வேண்டும். ஒன்று மடங்கியிருந்தாலும் வெளிச்சம் அங்கே வேறு மாதிரி மின்னும். மின்தேக்கிகள் திடவகையா, தலை தட்டையா, வாய்களில் துரு உண்டா, மறுபக்கத்தில் பற்றவைத்த தடம் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். அத்தா ஆட்டின் வாயைத் திறந்து, குளம்பைத் தூக்கி, காதின் உள்பக்கம் வரை பார்ப்பது நினைவுக்கு வந்தது. விலையைத் துண்டுக்குள் பேசியவர் அவர். இந்தப் பையன் கைபேசித் திரையில் நாலு கடை விலையைக் காட்டிவிட்டுத் தன் விலையைச் சொல்கிறான். பார்க்கிற கண் என்னவோ ஒன்றுதான்.

எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவன் கொடுக்கவில்லை. "வீட்டுல பொட்டியத் தொட்டா சுருக்குன்னு அடிக்குமா மாமா?" என்று கேட்டான். வருடக்கணக்காக அடிக்கிறது, பழகிவிட்டது என்றேன். "அப்ப எர்த் இல்ல. எந்த போர்டு வாங்கினாலும் அதே கதிதான். முதல்ல அதச் சரி பண்ணுங்க."

பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் கசிவு நிலத்துக்குள் இறங்க வேண்டும். இறங்க வழியில்லாதபோது பெட்டியின் தகரத்திலேயே தங்குகிறது. ஆளைக் கொல்லாது, விரலில் சுருக்கென்று அடிக்கும். பலகைக்கு நல்லதல்ல. எங்கள் வீட்டில் நிலக்கம்பி இல்லாமல் இல்லை. வீடு கட்டியபோது புதைத்த குழாய் இருக்கிறது. ஆனால் எங்கள் மண் காய்ந்த மண். ஈரம் வற்றிவிட்டால் மண் மின்சாரத்தை வாங்காது. அதனால்தான் நிலக்கம்பிக் குழியில் உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு கரைந்து மின்சாரத்துக்கு வழிவிடும். எங்கள் வட்டாரத்தில் கரிக்கா பஞ்சம்? சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்புகிற பூமி. என் வீட்டுக் குழியில் மட்டும் அது இல்லை.

கார்த்திகை முதல் வாரம் ஊர் மின்பணியாளரை வைத்துக் குழியைத் தோண்டினோம். குழாயின் மேல்பகுதி துருவேறி உதிர்ந்தது. புதுக் குழாய், ஒரு சிப்பம் கரி, கல் உப்பு, கூலி எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். பதிமூன்று வயதான எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பதில் புதியது 1,400. பலகைத் தொகுப்பு 7,800, கம்பி 650. மொத்தம் 10,950. ஒதுக்கியதைவிடத் தொள்ளாயிரத்து ஐம்பது அதிகம். அதில் குழிக்குப் போன காசுதான் மிக நல்ல செலவு என்று இப்போது நினைக்கிறேன்.

மதர்போர்டு என்பதற்குத் தாய்ப்பலகை என்ற சொல்லை நான் பிறர் கட்டுரைகளில் திருத்தி எழுதியதுண்டு. பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் வடமொழி இலக்கண மரபைத் தமிழோடு பொருத்திப் பார்த்த நூல். எங்கள் ஊர்ப் பெயரின் ஒலியைக் கொண்ட அந்த நூல், பிறமொழியைக் கண்டு கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. சந்தையில் அத்தாவும் அப்படித்தான், அரபியும் உருதும் தெலுங்கும் அவர் குழூஉக்குறிக்குள் கலந்து கிடந்தன. கடையில் மதர்போர்டு என்றே கேட்டேன். எழுதும்போது தாய்ப்பலகை என்றே வருகிறது. இரண்டும் இருக்கட்டும்.

கணினி எழுந்த அன்று இரவு, மஃரிபுக்குப் பிறகு, டப்பாவை இறக்கினேன். வன்தட்டின் பின்னால் உள்ள சிறு குமிழைத் தலைமை இடத்துக்கு மாற்றிக் கம்பியில் பொருத்தினேன். சுற்றத் தொடங்கியது. நடுவில் டிக், டிக் என்று ஓர் ஓசை. சில கோப்புகள் நகலாயின. சிலவற்றில் நின்று, மீண்டும் முயன்று, கைவிட்டது. விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் வன்தட்டு அடையாளம் தெரியாமல் போயிற்று. அதன் பிறகு அது சுற்றவில்லை.

வந்த கோப்புகளைத் திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில உயிரெழுத்துகளின் தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஒரு கூட்டம். அது எதிர்பார்த்ததுதான். டாப் எழுத்தை யூனிகோடாக்கும் உருமாற்றி மென்பொருள்கள் உண்டு. ஒட்டி, பொத்தானை அழுத்தியதும் வரிசை வரிசையாக அத்தா பேசினார். விரல் கணக்கு முழுவதும் வந்திருந்தது. நிறங்களும் கொம்புகளும் வந்திருந்தன. நோய்களும் பச்சிலைகளும் இருந்த கோப்பு வரவில்லை. ஐந்நூறுக்கு மேல் சொற்கள் அடித்த நினைவு. கிடைத்தவை 312.

2012இல் அன்றே, அந்தக் கடையிலேயே நகலெடுத்துத் தரச் சொல்லியிருந்தால் ஐந்நூறும் கிடைத்திருக்கும். அவர் உயிரோடிருந்த இரண்டு வருடத்தில், விட்டுப்போனதை அவர் வாயாலேயே கேட்டு எழுதியிருக்கலாம். நானூறு ரூபாயும் ஊசிகளும் எனக்குக் கிடைத்த சாக்கு. வந்துருச்சு என்று சொல்லிவிட்ட பிறகு, வரவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

312 சொற்களையும் அச்செடுத்துக்கொண்டு சென்ற மாதம் சந்தைக்குப் போனேன். அத்தாவோடு தொழில் செய்தவர்களில் ஒருவர் இன்னும் வருகிறார். எண்பதைத் தாண்டியவர், இப்போது தரகு இல்லை, வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். தலையாட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத ஒங்கத்தா தப்பாச் சொல்லியிருக்காரு. எழுதிக்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். பச்சிலைகளின் பெயர்களைப் பற்றிக் கேட்டதற்கு, அடுத்த சந்தைக்கு வா, யோசித்து வைக்கிறேன் என்றார். அன்று இரவே அந்தத் திருத்தத்தை யூனிகோடில் சேர்த்து, ஒரு நகலை மகளுக்கும் ஒரு நகலை அருப்புக்கோட்டைப் பையனுக்கும் அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன். நிலக்கம்பிக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற மறக்கவில்லை.